கே.எல். பெட்டியில் பேசியது பினாங்கு பெட்டியில் போய்ச் சேர

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். உங்கள் நிறுவனத்துக்கு மூன்று இடங்கள். கே.எல். (கோலாலம்பூர்) பிரிக்பீல்ட்சில் தலைமையகம், அங்கே ஆஸ்டெரிஸ்க் என்ற மென்பொருளில் ஓடும் ஐபி தொலைபேசி, அதாவது கணினி நெட்வொர்க் வழியே பேசும் தொலைபேசி. பினாங்கின் பாயான் லெப்பாசில் கிளை, அங்கே பழைய நோர்டெல் எக்ஸ்சேஞ்சும் (அலுவலகத்துக்குள் அழைப்புகளை இணைக்கும் இயந்திரம்) அதோடு வந்த கால்பைலட் வாய்ஸ்மெயிலும் (போனை எடுக்காதபோது பேசியதைப் பதிந்து வைப்பது). அதே பினாங்கின் பிறையில் கிடங்கு, அங்கே சிஸ்கோ ரூட்டருக்குள் உட்கார்ந்திருக்கும் யூனிட்டி எக்ஸ்பிரஸ் வாய்ஸ்மெயில். மூன்றுக்கும் நடுவே விபிஎன் (இணையத்தின் வழியே போகும் பூட்டிய தனிப்பாதை) இருக்கிறது. கே.எல்.லில் ஒருவர் தனக்கு வந்த குரல் செய்தியைக் கேட்டுவிட்டு, முன்னால் இரண்டு வார்த்தை பேசி, பினாங்கில் இருப்பவரின் குரல் பெட்டிக்குத் தள்ள வேண்டும். அவரும் அங்கிருந்தே பதில் பேச வேண்டும். "மூன்றும் ஒரே நெட்வொர்க்கில்தானே இருக்கு, எந்த புரோட்டோகால் போட்டால் ஒன்றுக்கொன்று பேசும்?" என்று கேட்டிருந்தீர்கள்.

புரோட்டோகால் (இயந்திரங்கள் ஒன்றோடொன்று பேசும் விதிமுறை) பெயரைச் சொல்வது சுலபம், கீழே சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று. கே.எல்.லிலும் பினாங்கிலும் இருபத்தைந்து வருடமாக எக்ஸ்சேஞ்ச் வேலை பார்த்ததில் எனக்கு உறுதியாகப் பட்டது: வாய்ஸ்மெயில்களை இணைப்பது தொலைபேசி வேலை இல்லை, தபால் வேலை. தொலைபேசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இரண்டு முனையிலும் இருக்கிறார்கள். சத்தம் கேட்காவிட்டால் "ஹலோ, ஹலோ" என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். குரல் செய்தியில் பேசியவர் போனை வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். அதற்குப் பிறகு வழியில் என்ன ஆனாலும் அவருக்குத் தெரியாது. அதனால் இரண்டு விஷயங்களை முதலில் முடித்தாக வேண்டும்: விலாசம் எப்படி எழுதுவது, போய்ச் சேராத தபால் யார் கையில் திரும்பி வருவது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பல வருடங்களுக்கு முன் ஒரு சரக்கு நிறுவனத்துக்கு இதே மாதிரி கே.எல்.-பட்டர்வொர்த் இணைப்பு போட்டுக் கொடுத்தேன். கப்பலில் கன்டெய்னர் ஏற்றக் கடைசி நேரத்தை முன்னால் தள்ளிவிட்டார்கள் என்று கே.எல்.லில் இருந்த ஒரு அக்கா பட்டர்வொர்த் மேற்பார்வையாளரின் பெட்டிக்குச் செய்தி பேசி அனுப்பினார். "உங்கள் செய்தி அனுப்பப்பட்டது" என்று இயந்திரமும் சொன்னது. அந்த மேற்பார்வையாளருக்கு முந்தின மாதம்தான் பெட்டி எண் மாறியிருந்தது. செய்தி திரும்பி வந்தது, ஆனால் அக்காவிடம் வரவில்லை. நிர்வாகிக்கென்று இருந்த பொதுப்பெட்டிக்கு வந்தது. அந்த நிர்வாகி வேலையை விட்டுப் போய்ப் பல மாதம் ஆகியிருந்தது. கன்டெய்னர் கப்பலைத் தவறவிட்டது, திட்டு வாங்கியது அந்த அக்கா. பிறகு நான் போய் அந்தப் பொதுப்பெட்டியைத் திறந்து பார்த்தபோது உள்ளே நாற்பதுக்கும் மேல் திரும்பி வந்த செய்திகள் கேட்பாரற்றுக் கிடந்தன. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் நம்பிப் பேசிவிட்டுப் போனது.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். முதல் கேள்வி, உங்களுக்கு இணைப்பே தேவையா? மூன்று வாய்ஸ்மெயில் பெட்டிகளை (இங்கே பெட்டி என்றால் முழு இயந்திரம்) இணைப்பதைவிட ஒரே பெட்டியை மூன்று இடத்துக்கும் வைப்பது எப்போதும் மேல். பாயான் லெப்பாசில் யாரும் போனை எடுக்காவிட்டால் அழைப்பு விபிஎன் வழியே கே.எல்.லுக்குத் திரும்பி அங்கேயே பதிவாகிவிடும். அப்போது செய்தியை இடம்விட்டு இடம் அனுப்பும் வேலையே இல்லை, எல்லோரும் ஒரே வீட்டுக்குள் இருக்கிறார்கள். இதற்கு இரண்டு வேண்டும். திருப்பிய அழைப்போடு முதலில் யாருக்கு வந்த அழைப்பு என்ற தகவலும் வர வேண்டும், இல்லாவிட்டால் கே.எல். பெட்டி "எந்தப் பெட்டி?" என்று அழைத்தவரையே கேட்கும். அடுத்தது, அங்குள்ள போனில் செய்தி விளக்கு எரிய வேண்டும். சிப் என்ற விதியில் பேசும் ஐபி போன்களுக்கு அது ஆர்எஃப்சி 3842 (ஆர்எஃப்சி என்பது எண் போட்டு வெளியிடும் இணைய விதி ஆவணம்) சொல்லும் அறிவிப்பு, பழைய எக்ஸ்சேஞ்சுகளில் கியூசிக் (எக்ஸ்சேஞ்சுகள் தங்களுக்குள் பேசும் விதி) வழியாகவோ வேறு வழியாகவோ செய்யலாம். ஆனால் பாயான் லெப்பாஸ் பெட்டியைக் குத்தகை முடியும்வரை தொடக் கூடாது என்று மேலிடம் சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் இணைத்துத்தான் ஆக வேண்டும்.

இணைக்க இரண்டு பழைய பொதுவழிகள் உண்டு. ஒன்று அமிஸ். 1990இல் வாய்ஸ்மெயில் தயாரிப்பாளர்கள் சேர்ந்து ஒப்புக்கொண்ட முறை. இதன் அனலாக் வகை, மனிதன் செய்வதையே இயந்திரத்தைச் செய்ய வைப்பது: கே.எல். பெட்டி பினாங்குப் பெட்டியைச் சாதாரண அழைப்பாகவே கூப்பிடும், பட்டன் ஒலிகளால் தான் யார், எந்தப் பெட்டிக்கு என்று சொல்லும், பிறகு செய்தியைப் போட்டுக் காட்டும், அந்தப் பக்கம் அதைப் பதிவு செய்துகொள்ளும். மூன்று நிமிடச் செய்தி போய்ச் சேர மூன்று நிமிடம் ஆகும். அனுப்பியவரின் பெயர் போகாது, அந்தரங்கம் என்ற குறி போகாது, ஒவ்வொரு கைமாற்றத்திலும் குரல் கொஞ்சம் மங்கும். கணினி நெட்வொர்க்கே இல்லாத கிளைக்கு இது இன்றும் கைகொடுக்கும். அதை ஐபி வழியாக அனுப்பினால் மட்டும் கவனம்: ஜி.729 மாதிரி குரலை இறுக்கிச் சுருக்கும் கோடெக்கில் (ஒலியை எண்களாக மாற்றும் முறை) பட்டன் ஒலிகள் சிதைந்துவிடும், அந்தத் தடத்தை அவ்வளவு சுருக்காத ஜி.711இல் வைக்க வேண்டும். உங்களுக்கு விபிஎன் இருக்கும்போது அமிஸ் வேண்டாம் என்பதே என் கருத்து. அதன் டிஜிட்டல் வகை எக்ஸ்.400 என்ற பழைய மின்னஞ்சல் முறையை நம்பி எழுதப்பட்டது, அதைப் பயன்படுத்தியவர்கள் குறைவு.

இரண்டாவது வழி விபிஐஎம், உங்களுக்கு உரியது அதுதான். இணைய அஞ்சலின் மேல் குரலை ஏற்றும் விதி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1996இல் ஆர்எஃப்சி 1911 என்று சோதனையாக வந்தது, 1998இல் இரண்டாம் பதிப்பு ஆர்எஃப்சி 2421, 2004இல் அதையே திருத்தி ஆர்எஃப்சி 3801. எழுதியவர்கள் போட்டி நிறுவனங்களில் இருந்தவர்கள், ஒருவர் ஆக்டெல், இன்னொருவர் நோர்டெல். எதையும் புதிதாகக் கண்டுபிடிக்காமல், இருக்கிற அஞ்சல் வண்டியிலேயே குரலை ஏற்றினார்கள், அதுதான் இதன் அழகு. எஸ்எம்டிபி (மின்னஞ்சலைக் கொண்டுபோகும் விதி) வண்டி, மைம் (மின்னஞ்சலோடு கோப்புகளைக் கட்டும் விதி) பெட்டி. பெட்டிக்குள்ளே குரல், பேசிய நேரத்தின் நீளம், அனுப்பியவரின் பெயர் அட்டை, அவரே தன் குரலில் சொன்ன பெயர். கடைசியாகச் சொன்னதைப் பலரும் கவனிப்பதே இல்லை. நம் பெயர்களை இயந்திரம் வாசித்துக் கேட்டிருக்கிறீர்களா? தமிழ்ச்செல்வியும் வேழவேந்தனும் படும் பாட்டைச் சொல்ல முடியாது. விபிஐஎம்மில் செய்தியோடு அவரவர் பெயர் அவரவர் குரலிலேயே போகும். அதனால் இணைப்பைத் திறப்பதற்கு முன் எல்லோரையும் தங்கள் பெயரைப் பதிவு செய்ய வையுங்கள். பத்து வினாடி வேலை.

குரலைச் சுருக்கும் வடிவம் ஜி.726, வினாடிக்கு 32 கிலோபிட். கணக்குப் போட்டால் வினாடிக்கு 4,000 பைட், நிமிடத்துக்கு 2,40,000 பைட். அஞ்சலில் போவதற்காக இந்த பைட்டுகளை எழுத்துக்குறிகளாக மாற்றும்போது மூன்றில் ஒரு பங்கு கூடி, நிமிடத்துக்கு 320 கிலோபைட் அளவில் வரும். ஐந்து நிமிடப் பேச்சு 1.6 மெகாபைட். உங்கள் விபிஎன் இதைச் சட்டை செய்யாது.

இங்கே ஒரு குழி இருக்கிறது, நான் விழுந்து எழுந்தது. ஜி.726இல் ஒவ்வொரு மாதிரியும் (ஒரு கணத்துக் குரலின் அளவு) நான்கு பிட், ஒரு பைட்டுக்குள் இரண்டு மாதிரிகள். முதல் மாதிரியை பைட்டின் கீழ்ப்பாதியில் வைக்க வேண்டும் என்பது விபிஐஎம்மின் விதி. மேல்பாதியில் வைக்கும் பழக்கமும் வேறு இடங்களில் உண்டு. இரண்டு பக்கமும் "ஜி.726" என்றுதான் சொல்லும், அஞ்சல் போகும், பெட்டியில் விழும், விளக்கும் எரியும். எடுத்துக் கேட்டால் தகரக் கூரையில் மழை கொட்டுகிற இரைச்சல், அதற்கு அடியில் யாரோ பேசுவதன் ஏற்ற இறக்கம் மட்டும் தெரியும். முதல் தடவை நான் லைனைச் சந்தேகப்பட்டு இரண்டு நாள் கேபிள் சோதித்தேன். லைனில் ஒன்றுமில்லை. ஒலிக் கோப்புகளை வடிவம் மாற்றும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் ஜி726 என்றும் ஜி726எல்இ என்றும் இரண்டு உண்டு. விபிஐஎம்முக்கு இரண்டாவதுதான் சரி. இதே வகையில் இன்னொன்று: ஜி.711இலும் இரண்டு வகை, அமெரிக்கப் பெட்டிகள் மியூ-லா பேசும், நம் நாட்டு இ1 தடங்கள் (தொலைபேசி நிறுவனத்தின் டிஜிட்டல் லைன்கள்) ஏ-லா. யூனிட்டி எக்ஸ்பிரஸில் ஒவ்வோர் இடத்துக்கும் எந்த ஒலிவடிவில் அனுப்புவது என்று தேர்வு இருக்கிறது. அதைத் தானாக முடிவெடுக்க விடாமல் ஜி.726 என்றே வைத்துவிடுங்கள்.

இனி விலாசம். நீங்கள் அனுப்பிய விவரப்படி பிரிக்பீல்ட்சிலும் 2140 என்ற எக்ஸ்டென்ஷன் (உள் எண்) இருக்கிறது, பாயான் லெப்பாசிலும் 2140 இருக்கிறது. எல்லா நிறுவனத்திலும் இப்படித்தான், எக்ஸ்சேஞ்ச் வைக்க வந்தவர் எல்லோரும் 2100இலிருந்துதான் எண்ணத் தொடங்கியிருப்பார். இடத்துக்கு ஒரு முன்எண் வைக்க வேண்டும். கே.எல். 03, பினாங்கு 04 என்று வீட்டில் பாட்டிக்குக்கூடத் தெரியும் என்பதால் 3, 4 என்று வைக்கத் தோன்றும். ஆனால் பிறையும் 04தான், நாளைக்கு கெடாவில் ஒரு கிளை திறந்தால் அதுவும் 04தான். அதனால் மூன்று இலக்கமாக வையுங்கள்: முதலில் 8, அது "வேறு இடம்" என்பதற்கு அடையாளம். பிறகு பகுதி எண். பிறகு அந்தப் பகுதியில் எத்தனையாவது இடம். கே.எல். 831, பாயான் லெப்பாஸ் 841, பிறை 842. அப்போது 831 2140 வேறு ஆள், 841 2140 வேறு ஆள். முன்எண் 9இல் தொடங்கவே கூடாது, உங்கள் பழைய எக்ஸ்சேஞ்சில் வெளி லைனுக்கு 9தானே. கூடவே, மூன்று இடத்திலும் 8இல் தொடங்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்றும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். விபிஐஎம் விலாசம் இந்த ஏழு எண், பிறகு @, பிறகு அந்த இடத்தின் டொமைன். வெளியிலிருந்து நேராக அழைக்கக்கூடிய எண் ஒருவருக்கு இருந்தால் பிளஸ் 60 என்று தொடங்கும் முழு எண்ணையும் விலாசமாகப் போடலாம். ஆனால் உங்கள் கிடங்கில் பாதிப் பேருக்கு நேர் எண் கிடையாது. எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

எண் தெரியாதவர்கள் பெயரால் தேடுவார்கள், அங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் வரும். இந்த இயந்திரங்கள் எல்லாம் குடும்பப் பெயரை வைத்துத் தேடும். மலேசிய இந்தியரின் அடையாள அட்டையில் முருகன் ஏ/எல் சுப்பிரமணியம் என்று இருக்கும், ஏ/எல் என்றால் 'மகன்'. கடைசிச் சொல் அப்பாவின் பெயர், குடும்பப் பெயர் இல்லை. ஆஸ்டெரிஸ்க்கின் பெயர்ப் பட்டியல் எதுவும் சொல்லாவிட்டால் கடைசிச் சொல்லைத்தான் எடுத்துக்கொள்ளும். முருகனைத் தேடுபவர் முருகன் என்றுதான் எழுத்துகளை அழுத்துவார், அப்படி யாரும் இல்லை என்று பதில் வரும். ஆஸ்டெரிஸ்க்கில் முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டையும் தேடச் சொல்லும் விருப்பம் உண்டு, அதைப் போடுங்கள். மூன்று இடத்துக்கும் பொதுவான பெயர்ப் பட்டியலை எல்டாப் என்ற டைரக்டரி முறையில் வைத்தால் அது குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட அனுமதிக்காது. அந்த இடத்தில் அப்பா பெயரை எழுதாதீர்கள், அவரவர் சொந்தப் பெயரையே எழுதுங்கள். மலாய்க்காரப் பெயர்களில் 'பின்' (மகன்), 'பிந்தி' (மகள்) வருவதற்கும் இதே வைத்தியம்.

இப்போது உங்கள் மூன்று பெட்டிகளில் எது எவ்வளவு கஷ்டம் என்று பார்ப்போம். கால்பைலட்டும் யூனிட்டி எக்ஸ்பிரஸும் விபிஐஎம் பேசும். இரண்டிலும் மற்ற இடங்களை ஒவ்வொன்றாகப் பதிந்து, முன்எண்ணும் டொமைனும் கொடுத்தால் போதும். கால்பைலட்டில் நெட்வொர்க்கிங் வசதி உங்கள் கீகோடில் (வாங்கிய வசதிகளைத் திறக்கும் உரிம எண்) வாங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நோர்டெல் 2009 ஜனவரியில் திவால் பாதுகாப்புக்குப் போய், அந்த ஆண்டின் முடிவில் இந்தப் பிரிவு அவாயா என்ற நிறுவனத்திடம் போனது. இல்லாத வசதிக்கு இப்போது கீகோடு தேடுவது சுலபமாக இருக்காது.

கஷ்டம் பிரிக்பீல்ட்சில்தான். ஆஸ்டெரிஸ்க்கின் வாய்ஸ்மெயிலுக்குள் விபிஐஎம் கட்டப்பட்டு வருவதில்லை. செய்தியை அஞ்சலோடு இணைத்து அனுப்ப அதற்குத் தெரியும், வந்த குரல் அஞ்சலைப் பிரித்துப் பெட்டிக்குள் போடத் தெரியாது. நடுவில் ஒரு சிறிய லினக்ஸ் இயந்திரம் வைத்து, அதில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் மென்பொருளும் ஒரு ஸ்கிரிப்டும் (சிறு நிரல்) போட வேண்டும். வந்த அஞ்சலிலிருந்து குரலைப் பிரித்து, வேவ் கோப்பாக மாற்றி, அந்தப் பெட்டியின் இன்பாக்ஸ் அடைவுக்குள் வைப்பது அதன் வேலை. ஒவ்வொரு செய்திக்கும் ஒரே எண்ணில் இரண்டு கோப்புகள் இருக்க வேண்டும், ஒன்று குரல், இன்னொன்று யார், எப்போது, எத்தனை வினாடி என்ற குறிப்பு. ஆஸ்டெரிஸ்க் குறிப்புக் கோப்பை வைத்துத்தான் செய்திகளை எண்ணும். அதனால் குரலை முதலில் முழுவதும் எழுதி முடியுங்கள், குறிப்பைக் கடைசியில் வையுங்கள். மாற்றிச் செய்தால் பாதி எழுதிய குரலை யாராவது கேட்டுத் திகைப்பார். வெளியிலிருந்து கோப்பு வந்து விழுந்ததை ஆஸ்டெரிஸ்க் தானாகக் கவனிக்காது, பெட்டிகளைச் சீராகப் பார்க்கச் சொல்லும் போல்மெயில்பாக்சஸ் அமைப்பை இயக்கினால்தான் விளக்கு எரியும். கடைசியாக, கோப்புகளின் உரிமையாளர் ஆஸ்டெரிஸ்க் பயனராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்ட செய்தியை அழிக்க முடியாமல் அது பெட்டியிலேயே கிடக்கும்.

இந்த அஞ்சல், நிறுவனத்தின் பொது மெயில் சர்வர் வழியே போகக் கூடாது. அங்கே வைரஸ் வடிகட்டியும் குப்பை அஞ்சல் வடிகட்டியும் இருக்கும். எண்ணிலிருந்து எண்ணுக்கு, எழுத்தே இல்லாமல், பெரிய இணைப்போடு வரும் அஞ்சலைப் பார்த்தால் குப்பை என்றுதான் அவை முடிவு கட்டும். விபிஎன்னுக்குள் தனி ரிலே (அஞ்சலை வாங்கிக் கடத்தும் சர்வர்) வையுங்கள், வெளி இணையத்துக்கு அதன் 25ஆம் போர்ட் (அஞ்சல் வரும் வாசல்) மூடியே இருக்கட்டும். டிஎல்எஸ் (வழியில் யாரும் படிக்க முடியாமல் பூட்டும் முறை) பேசக்கூடிய பெட்டிக்கு அதையும் போடுங்கள்.

அந்தரங்கக் குறியைப் பற்றி மனிதவளப் பிரிவிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். அந்தரங்கம் என்று குறித்த செய்தியை வாங்குபவர் இன்னொருவருக்குத் தள்ள முடியக் கூடாது, அதைக் காக்க முடியாத பெட்டி செய்தியை ஏற்காமல் திருப்பிவிட வேண்டும் என்று விபிஐஎம் கண்டிப்பாகச் சொல்கிறது. உங்கள் ஸ்கிரிப்டும் அப்படியே திருப்பட்டும். சம்பளம், மருத்துவ விடுப்பு என்று பேசிய குரல் தனிநபர் தரவுதான். 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது.

இப்போது அந்த அக்காவின் செய்திக்கு வருகிறேன். எஸ்எம்டிபியில் அந்தப் பக்கத்து சர்வர் 250 என்று சொன்னால் "வாங்கிக்கொண்டேன்" என்று அர்த்தம். வாங்கியது தபால் நிலையம், வீடு இல்லை. பெட்டி இல்லை, பெட்டி நிரம்பிவிட்டது, ஒலிவடிவம் புரியவில்லை என்பதெல்லாம் அதற்குப் பிறகுகூடத் தெரியவரலாம். அப்போது திரும்பி வரும் அறிவிப்பு பேசியவரின் பெட்டிக்கே வர வேண்டும், நிர்வாகியின் பெட்டிக்கு இல்லை. கூடவே அவர் பேசிய செய்தியும் வர வேண்டும், "ஒரு செய்தி போகவில்லை" என்று மட்டும் சொன்னால் எந்தச் செய்தி என்று யாருக்குத் தெரியும்? உங்கள் ஸ்கிரிப்டில் பாதி வேலை இதுதான். அந்தப் பக்கத்து சர்வரே எடுக்காவிட்டால் எவ்வளவு நேரம் முயல்வது என்பதையும் மாற்றுங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் தன் வழக்கப்படி ஐந்து நாள் முயலும். கடிதத்துக்கு அது சரி. லாரி எந்த வாசலுக்கு வர வேண்டும் என்ற செய்திக்கு ஐந்து நாள் கழித்து வரும் "போகவில்லை"யால் என்ன பயன்? நான் இரண்டு மணி நேரம் வைப்பேன், அவசரம் என்று குறித்ததற்கு அரை மணி நேரம். குழுப் பட்டியல்களிலும் ஒரு எச்சரிக்கை: கே.எல். பட்டியலுக்குள் பினாங்குப் பட்டியலும், பினாங்குப் பட்டியலுக்குள் கே.எல். பட்டியலும் இருந்தால் ஒரே செய்தி இரவெல்லாம் இரண்டு ஊருக்கும் போய்வந்துகொண்டே இருக்கும். பட்டியலுக்குள் ஆட்கள் மட்டும் இருக்கட்டும்.

எல்லாம் போட்டு முடித்ததும் முதல் சோதனையாக நல்ல பெட்டிக்கு அனுப்பாதீர்கள். 841இல் இல்லவே இல்லாத ஓர் எண்ணுக்குப் பேசி அனுப்புங்கள். பிறகு நிரம்பிய பெட்டிக்கு. பிறகு பாயான் லெப்பாஸ் பெட்டியின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஒன்று. மூன்று தடவையும் செய்தி திரும்பி உங்கள் பெட்டிக்கே வந்து, விளக்கு எரிந்து, நீங்கள் பேசியதே உங்களுக்குத் திரும்பக் கேட்டால் அதற்குப் பிறகு நல்ல பெட்டிக்கு அனுப்பிப் பாருங்கள்.

இப்போதைக்கு மூன்று இடத்து எக்ஸ்டென்ஷன் பட்டியலையும் ஒரே தாளில் எழுதி, மோதும் எண்களைச் சிவப்பில் குறித்து அனுப்புங்கள். கால்பைலட்டின் கீகோடு பக்கத்தையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். அடுத்த வாரம் பினாங்குக்கு வருகிறேன், பிறையில் இறங்கும்போது அந்த சிஸ்கோ பெட்டியை நேரிலேயே பார்த்துவிடலாம்.